கரண்ட் போனாலும் கேம் போகக் கூடாது: பழைய டிவி கேமைக் கணினியில் ஓட்ட ஒரு வழிகாட்டி

ஹட்டன் டவுனில் ஒரு பழைய டெஸ்க்டாப்பை வாங்கி, வேனில் ஏற்றி, பாதை முடிகிற இடத்திலிருந்து தோளில் தூக்கி வந்து தோட்டத்து லயத்து வீட்டில் வைத்தாயிற்று. பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கியது. பத்து நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து எனக்கு ஃபோன் வரும். கேட்பது பிள்ளை அல்ல, பிள்ளையின் அப்பா. "தம்பி, நாங்க சின்னப் பிள்ளையில வெளையாடின டிவி கேம் இருக்குதே, அது இதுல ஓடுமா?"

ஓடும். கொட்டகலைப் பக்கத்தில் பழைய கணினிகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, அதன் பின்னால் வரும் பத்துக் கேள்விகளும் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. படம் வரவில்லை, சத்தம் கிழிகிறது, பொத்தான் வேலை செய்யவில்லை, கரண்ட் போனதில் சேவ் அழிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதுவரை எமுலேட்டரைத் தொட்டே பார்க்காதவருக்காக எழுதுகிறேன்.

எமுலேட்டர் என்பது பழைய கேம் பெட்டி செய்த வேலையைக் கணினிக்குள் அப்படியே செய்து காட்டும் மென்பொருள். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் ஃபமிகொம் என்று ஒரு பெட்டியை வெளியிட்டது. நம் பக்கம் டிவி கேம் என்ற பெயரில் வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். அந்தப் பெட்டியின் மூளை நொடிக்கு ஏறக்குறைய 17 லட்சத்து 90 ஆயிரம் முறை துடித்தது. இன்றைக்கு டவுனில் கிடைக்கும் பழைய டெஸ்க்டாப்பும் நொடிக்கு ஏறக்குறைய இருநூறு கோடி முறை துடிக்கிறது. கேசட்டுக்குள் இருந்த சிப்பில் எழுதியிருந்ததை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்தால் அதுதான் ரொம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எது பழுதானாலும் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: கேம் ஃபைல், எமுலேட்டரின் செட்டிங், உங்கள் கணினி. எந்த இடம் என்று தெரியாமல் பத்து செட்டிங்கை ஒரே மூச்சில் மாற்றினால், பழுது போனாலும் எதனால் போனது என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி தவிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். என் மேசையில் இதற்கென்றே ஒரு கொப்பி இருக்கிறது.

எந்தக் கணினி, எந்த மென்பொருள்

டிவி கேம், சேகாவின் மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, கேம் போய் இவற்றுக்கு 2 ஜிபி ரேமும் இன்டெல் கோர் டூ டுவோ புரொசஸரும் உள்ள டெஸ்க்டாப் தாராளம். 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனும் அதில் ஓடும், கொஞ்சம் பார்த்து அமைத்தால். நின்டெண்டோ 64இலிருந்து சிரமம் தொடங்குகிறது. பிளேஸ்டேஷன் 2ஐ அந்தக் கணினியில் முயல வேண்டாம். இரண்டு நாள் வீணாகும், மனமும் வெறுத்துப் போகும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி எமுலேட்டர்கள் உண்டு. புதியவருக்கு அவைதான் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். நான் எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளைத்தான் சொல்வேன். அதன் மெனு முதலில் கண்ணைக் கட்டும், உண்மைதான். ஆனால் கோர் என்ற சின்னத் துண்டுகளை ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, எல்லாக் கேமுக்கும் ஒரே செட்டிங், ஒரே பொத்தான் அமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை கற்றது எல்லாவற்றுக்கும் உதவும். காசு கட்ட வேண்டியதில்லை.

டவுன்லோட் பெரியது. ரவுட்டரில் இரவு டேட்டா தனியாக இருக்கும் பெக்கேஜ் என்றால், நள்ளிரவுக்குப் பிறகு எடுங்கள். கோர்கள் ஒவ்வொன்றும் சில எம்பி மட்டுமே. அவற்றைப் பகலிலும் எடுக்கலாம். உங்கள் வின்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். மை கம்பியூட்டரில் ரைட் கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸ் போனால் எழுதியிருக்கும். 32 பிட் வின்டோஸுக்கு 64 பிட்டை எடுத்தால் திறக்கவே திறக்காது. டேட்டாவும் போச்சு.

இன்ஸ்டோலரை விட, சுருக்கிய ஃபைலாக வருவதை எடுப்பது நல்லது. அதை விரிக்க 7-ஸிப் என்ற இலவச மென்பொருள் வேண்டும். விரிக்கும் இடத்தில்தான் இரண்டு தவறு நடக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் விரிக்காதீர்கள். அங்கே எழுத வின்டோஸ் அனுமதி தராது, நீங்கள் மாற்றும் செட்டிங் எதுவும் நிலைக்காது. அடுத்தது, ஃபோல்டரின் பெயர். தாய்மொழியில் பெயர் வைக்க ஆசையாக இருக்கும். நானும் முதலில் "விளையாட்டு" என்றுதான் வைத்தேன். பழைய மென்பொருள்களில் சில தமிழ் எழுத்துள்ள பாதையைப் படிக்கத் தெரியாமல், ஃபைலே இல்லை என்று சொல்லிவிடும். டி டிரைவில் ரெட்ரோ என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரு ஃபோல்டர் போதும்.

திறக்கும்போது ஏதோ டிஎல்எல் (மென்பொருளுக்குத் துணையாக வேண்டிய ஃபைல்) இல்லை என்று திரையில் அறிவிப்பு வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மைக்ரோசொஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் இல்லாத குறைதான். அதை மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். டிஎல்எல்லைத் தனியாகத் தரும் தளங்களை நம்பாதீர்கள். அந்த வழியாக வைரஸ் ஏறிய கணினிகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன.

கேமுக்கு எங்கே போவது

எமுலேட்டர் சட்டப்படி சரியான மென்பொருள். கேம்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவற்றுக்கும் பொருந்தும். நேர்மையான வழிகள் நிறையவே இருக்கின்றன. பழைய பெட்டிகளுக்காக இன்றைக்கும் ஆர்வலர்கள் புதுக் கேம் எழுதி இலவசமாகத் தருகிறார்கள். ஹோம்ப்ரூ என்று தேடுங்கள். பழைய சாகசக் கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளின் தளத்திலேயே, "பினீத் எ ஸ்டீல் ஸ்கை", "ஃபிளைட் ஒஃப் தி அமேசன் குயீன்" போன்றவை உரிமையாளரின் சம்மதத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் பிளேஸ்டேஷன் சீடி கிடந்தால் அதையே ஃபைலாக எடுக்கலாம்.

சீடி என்றதும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்தில் சீடியின் மேல் பூஞ்சணம் பூக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறலை டிரைவால் படிக்க முடியாது. பழைய கேசட்டை வைத்திருப்பவர்கள் அதன் வாயில் ஊதுவதையும் நிறுத்துங்கள். எச்சில் ஈரம் செம்புக் கால்களை அரித்துவிடும். நாம் எல்லோரும் ஊதித்தான் வளர்ந்தோம். ஊதியதால் கேம் வரவில்லை. கழற்றி மறுபடி செருகியதால்தான் வந்தது.

கேம் எதையும் போடும் முன் எல்லோரும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 240பி டெஸ்ட் சூட் என்று ஓர் இலவசச் சோதனை ரொம் இருக்கிறது. பல பெட்டிகளுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். கட்டங்கள், நிறப்பட்டைகள், ஒலிச் சோதனை என்று அதில் உண்டு. இது ஒழுங்காக ஓடினால் உங்கள் கணினியும் எமுலேட்டரும் சரி என்று அர்த்தம். பிறகு ஒரு கேம் ஓடவில்லை என்றால் சந்தேகம் நேராக அந்தக் கேம் ஃபைல் மீது போகிறது. மூன்று சந்தேகத்தில் இரண்டு ஐந்து நிமிடத்தில் கழிந்துவிடும்.

முதல் ஓட்டம்

ரெட்ரோஆர்க்கைத் திறந்து, லோட் கோர் போய், டவுன்லோட் எ கோர் என்பதில் நின்டெண்டோ பட்டியலைப் பாருங்கள். பழைய கணினிக்கு எஃப்சிஇயூஎம்எம் என்ற கோர், கொஞ்சம் புதியதற்கு மெசென் என்ற கோர். பிறகு லோட் கண்டென்ட் மூலம் சோதனை ரொமைத் திறவுங்கள்.

கீபோர்டில் அம்புக்குறிகள் திசை. எக்ஸ் எழுத்து ஏ பொத்தான், இசட் எழுத்து பி பொத்தான். என்டர் ஸ்டார்ட், வலது ஷிஃப்ட் செலக்ட். எஃப்1 அழுத்தினால் மெனு, மறுபடி அழுத்தினால் கேம். எஸ்கேப்பை இரு முறை அழுத்தினால் வெளியே வரும். இதற்கு மேல் முதல் நாளில் எதுவும் தேவையில்லை.

திரை கறுப்பாகவே இருந்தால்

சோதனை ரொமே கறுப்பு என்றால் கணினியின் கிராஃபிக்ஸ்தான். செட்டிங்ஸ், டிரைவர்ஸ், வீடியோ என்று போனால் படம் வரையும் முறையின் பெயர் இருக்கும்; வல்கன் என்று இருப்பதை ஜிஎல் என்றோ டி3டி11 என்றோ மாற்றி, மூடித் திறவுங்கள். பழைய இன்டெல் கிராஃபிக்ஸுக்கு வல்கன் தெரியாது.

சோதனை ரொம் ஓடுகிறது, பிளேஸ்டேஷன் கேம் மட்டும் கறுப்பு என்றால் இரண்டு காரணம் பெரும்பாலும். ஒன்று பயோஸ். அந்தப் பெட்டி ஒன் ஆகும்போது ஓடும் தொடக்க நிரல் அது. சில கோர்கள் அதில்லாமல் நகராது. அதன் ஃபைல் சரியாக 512 கேபி இருக்க வேண்டும், ரெட்ரோஆர்க்கின் சிஸ்டம் ஃபோல்டரில் இருக்க வேண்டும், கோர் எதிர்பார்க்கும் பெயரில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். என்ன பெயரை எதிர்பார்க்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. கோரை ஏற்றியபின் மெயின் மெனுவில் இன்ஃபர்மேஷன், கோர் இன்ஃபர்மேஷன் போனால் கீழே பட்டியலாக இருக்கும்: இந்த ஃபைல் இருக்கிறது, இது இல்லை என்று. இந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. திறந்தால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். பயோஸுக்கும் உரிமை உண்டு, சொந்தப் பெட்டியிலிருந்து எடுப்பதே முறை. பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற கோர், அசல் பயோஸ் இல்லாமலும் பல கேம்களை ஓட்டும்.

இரண்டாவது காரணம் க்யூ ஃபைல். தலவாக்கலையில் ஒரு தங்கச்சி தன் சீடியைத் தானே ஃபைலாக எடுத்திருந்தார். ஓடவில்லை. என்னிடம் பென் டிரைவில் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு ஃபைல்: 600 எம்பிக்கு மேல் ஒரு பின் ஃபைல், ஒரு கேபி கூட இல்லாத ஒரு க்யூ ஃபைல். "சின்னது குப்பைன்னு நெனச்சேண்ணே, அழிக்கத்தான் பார்த்தேன்" என்றார். நல்ல வேளை அழிக்கவில்லை. அந்தச் சின்னதை நோட்பேடில் திறந்து காட்டினேன். முதல் வரியில் ஃபைல் என்ற சொல், மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர், அதன் பின் பைனரி என்ற சொல். பெரிய ஃபைல் எங்கே இருக்கிறது, அதில் எந்தப் பகுதி கேம், எந்தப் பகுதி பாட்டு என்று சொல்லும் வழிகாட்டி அதுதான். அவர் பெரிய ஃபைலின் பெயரை மட்டும் அழகாக மாற்றியிருந்தார். க்யூவுக்குள் பழைய பெயரே இருந்தது. மேற்கோள் குறிக்குள் புதுப் பெயரை எழுதிச் சேவ் செய்தோம். அடுத்த நொடி வெள்ளைத் திரையில் சோனியின் அந்தச் சின்னம் எழும்பியது. எமுலேட்டரில் எப்போதும் திறக்க வேண்டியது க்யூவை, பின்னை அல்ல.

கடைகளில் காசு போட்டு விளையாடிய ஆர்கேட் கேம்களுக்கு விதி வேறு. 1997இல் தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர்தான் அவற்றுக்கு. அதன் ஸிப்பை விரிக்கக் கூடாது, பெயரை மாற்றக் கூடாது, ரொம் எந்தப் பதிப்பு மேமுக்குத் தொகுக்கப்பட்டதோ அதே பதிப்பில்தான் நம்பி ஓட்டலாம். புதியவர்கள் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் கிழிந்தால்

அதிகம் வரும் புகார் இதுதான். பொகவந்தலாவையிலிருந்து என் சித்தி மகன் ஒரு ராத்திரி ஃபோன் எடுத்தான். "அண்ணே, கேம் ஓடுது, சத்தம் மட்டும் தகரத்துல மழை பெய்ற மாதிரி வருது." ஃபோனைக் கணினிப் பக்கம் பிடிக்கச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னான், பொரபொரவென்று.

சத்தம் கிழிவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றே. ஒலியைக் கணினி கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்து ஒரு சின்னத் தொட்டியில் ஊற்றுகிறது. ஸ்பீக்கர் அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஊற்றுவது பிந்தினால் தொட்டி ஒரு கணம் வற்றுகிறது. வற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு 'பொட்'. ஆகவே கேள்வி இது: கணினிக்கு உண்மையிலேயே வேகம் போதவில்லையா, அல்லது வேகம் இருந்தும் தொட்டிதான் சின்னதா?

இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். எஃப்3 அழுத்துங்கள். திரையின் மூலையில் நொடிக்கு எத்தனை படம் என்ற எண் தெரியும், 60 பக்கத்தில் இருக்கும். இப்போது ஸ்பேஸ் பாரை ஒரு முறை அழுத்துங்கள். கேம் முழு வேகத்தில் பறக்கும். எண் 200, 300 என்று ஏறினால் உங்கள் கணினியில் வேகம் நிறையவே இருக்கிறது. குறை ஒலி செட்டிங்கில். எண் 60ஐத் தாண்டாமல் திணறினால் கணினிதான் போதவில்லை. மறுபடி ஸ்பேஸ் அழுத்தினால் பழைய வேகத்துக்கு வரும்.

வேகம் இருக்கிறது என்றால்: செட்டிங்ஸ், ஓடியோ, அவுட்புட், அதில் லேட்டன்சி. 64 மில்லி செகண்ட் என்று இருந்தால் 96 ஆக்குங்கள். போதாவிட்டால் 128. தொட்டி பெரிதாகிறது, அவ்வளவுதான். மிகவும் கூட்டினால் குதித்த பிறகே குதிக்கும் சத்தம் வரும், ஆகவே கிழிசல் நிற்கும் மிகச் சிறிய எண்ணில் நிறுத்துங்கள்.

வேகம் இல்லை என்றால், கணினியைக் குறை சொல்லும் முன் கரண்ட் வயரைப் பாருங்கள். சித்தி மகனிடம் எண்ணைக் கேட்டேன். "நாப்பத்தேழு, நாப்பத்தொம்பது" என்றான். லெப்டொப் சார்ஜில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, பெட்டரியில். பெட்டரியில் ஓடும்போது வின்டோஸ் மிச்சம் பிடிப்பதற்காக வேகத்தைக் குறைத்துவிடுகிறது. சார்ஜரைச் செருகி, கன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய் ஹை பெர்ஃபோமன்ஸ் வைக்கச் சொன்னேன். எண் 60இல் நின்றது. தகரமும் ஓய்ந்தது. அதுவும் உதவாவிட்டால் பின்னால் வின்டோஸ் அப்டேட் ஓடுகிறதா என்று டாஸ்க் மெனேஜரில் பாருங்கள். பிறகு லேசான கோருக்கு மாறுங்கள். ஷேடர் போன்ற அலங்காரங்களை எடுத்துவிடுங்கள்.

பாட்டு வேகமாக ஓடுகிறது என்று தோன்றினால்

நாற்பது வயதுக்காரர்கள் பலர் சொல்வது: "கேம் அதேதான், ஆனா பாட்டு அவசரமா ஓடுது, நாங்க கேட்டது இப்படியில்ல." அவர்கள் நினைவு பிழையில்லை.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு ஏறக்குறைய 60 படம் காட்டும் என்டிஎஸ்சி முறை. நம் நாட்டு டிவி பால் முறை, நொடிக்கு 50. கேமின் பாட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி என்று நகர்கிறது. அறுபதுக்கு எழுதிய கேமை ஐம்பதில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். பால் டிவிக்கென்று செய்த நகல் பெட்டியில் விளையாடி வளர்ந்தவர் காதில் அந்த மெதுவான பாட்டுதான் பதிந்திருக்கிறது.

கேம் ஓடும்போது எஃப்1, கோர் ஒப்ஷன்ஸ், ரீஜன். அங்கே என்டிஎஸ்சி, பால், டெண்டி என்று மூன்று இருக்கும். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற ஒரு நகல் பெட்டியின் பெயர். அந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் எமுலேட்டர்கள் அதையே பெயராக வைத்துவிட்டன. பாலில் வைத்தால் பாட்டு மெதுவாவதோடு சுருதியும் ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும், அதாவது அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் மேலே. டெண்டியில் பாட்டு மெதுவாகும், சுருதி கிட்டத்தட்ட அசலாகவே நிற்கும். மூன்றிலும் ஒரே பாட்டைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் இருந்த பெட்டி எது என்று காதே சொல்லிவிடும். நான் முதல் முறை டெண்டியில் வைத்தபோது, எங்கள் லயத்தின் தொங்கல் காம்பராவில் (கடைசி அறையில்) பதினாலு அங்குல டிவி முன்னால் ஒன்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை நேராக வந்து நின்றது.

இதற்கு ஒரு விலை உண்டு. கணினித் திரை 60இல் ஓடுகிறது. 50 படத்தை அதில் காட்ட, ஐந்து படத்துக்கு ஒரு முறை ஒன்றை இரட்டிக்க வேண்டும். பக்கவாட்டில் நகரும் காட்சியில் லேசான உதறல் தெரியும். அது பழுதல்ல. ஐம்பதில் ஓடத் தெரிந்த டிவியில் இணைத்தால் போய்விடும்.

எல்லாக் கேமும் தாறுமாறாக ஓடுகிறது என்றால் அது வேறு. ஸ்பேஸ் பாரில் கை பட்டிருக்கலாம். இல்லையென்றால் ஓடியோ செட்டிங்கில் சிங்க்ரனைசேஷன் ஒன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படம்

டிவி கேமின் படம் 240 வரி. டவுனில் மலிவாகக் கிடைக்கும் பழைய 17 அங்குல மொனிட்டர்கள் பலவற்றில் 1024 வரி. செட்டிங்ஸ், வீடியோ, ஸ்கேலிங், இன்டிஜர் ஸ்கேல் என்பதை ஒன் செய்தால் ஒவ்வொரு வரியும் சரியாக நான்கு வரியாகும்: 960. மேலே 32, கீழே 32 கறுப்பு மிஞ்சும். விளிம்பெல்லாம் கத்தி வைத்து வெட்டியது போல இருக்கும். 768 வரி லெப்டொப்பில் மூன்று மடங்கு, 720. அகலத் திரைக்குப் படத்தை இழுத்து நிரப்பாதீர்கள். எல்லோரும் குட்டையாகக் குண்டாகத் தெரிவார்கள்.

ஜோய்ஸ்டிக்கும் கீபோர்டும்

கீபோர்டில் வலது அம்பு, மேல் அம்பு, சுடும் பொத்தான் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் ஒன்று வேலை செய்யவில்லையா? எமுலேட்டரில் பிழையில்லை. மலிவுக் கீபோர்டுகளின் உள்வயர் அமைப்பு சில மூன்று பொத்தான் சேர்க்கைகளை அறியாது. சுடுவதை வேறு எழுத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

யூஎஸ்பி ஜோய்ஸ்டிக் என்றால் முதலில் எமுலேட்டரை மூடிவிட்டு வின்டோஸிலேயே சோதியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் கேம் கன்ட்ரோலர் என்று தேடினால் செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ் வரும். புரொப்பர்ட்டீஸில் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தினால் அதற்குரிய விளக்கு எரிய வேண்டும். அங்கே எரியாத பொத்தான் எந்த எமுலேட்டரிலும் வேலை செய்யாது. எரிகிறது, கேமில் மட்டும் இல்லை என்றால் செட்டிங்ஸ், இன்புட், போர்ட் 1 கன்ட்ரோல்ஸ், செட் ஆல் கன்ட்ரோல்ஸ். கேட்கும் வரிசையில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போங்கள்.

நேற்று வரை சரியாக இருந்த திசைப் பொத்தான் இன்றைக்கு வேலை செய்யவில்லை என்றால், நடுவில் இருக்கும் அனலொக் பொத்தானைப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரியும்போது ஒரு விதமாகவும் அணைந்திருக்கும்போது இன்னொரு விதமாகவும் அந்த ஜோய்ஸ்டிக் திசையைச் சொல்லும். விளக்கு எந்த நிலையில் இருந்தபோது அமைத்தீர்களோ அதே நிலையில் விளையாட வேண்டும்.

கரண்ட்

இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். மலையின் மேற்குப் பக்கத்தில் மே மாதக் கடைசியில் காற்று தொடங்கினால், வயர் மேல் எந்த மரம் எப்போது சாயும் என்று சொல்ல முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். எமுலேட்டர் செய்தவர்கள் கரண்ட் போகாத ஊரை நினைத்துச் செய்திருக்கிறார்கள். நமக்கு ஏற்ப நாம்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு வகை சேவ் உண்டு. கேமுக்குள்ளேயே மெனுவில் செய்யும் சேவ் ஒன்று. அந்தக் காலத்தில் கேசட்டுக்குள் சின்னப் பெட்டரி காத்தது இதைத்தான். மற்றது ஸ்டேட்: எஃப்2 அழுத்தினால் அந்தக் கணம் அப்படியே உறைந்து ஃபைலாகும், எஃப்4 அழுத்தினால் அங்கிருந்தே தொடரும்.

கேமுக்குள் சேவ் செய்ததும் பத்திரமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ரெட்ரோஆர்க் அதை முதலில் ரேமில் மட்டும் வைத்திருக்கும். கேமை ஒழுங்காக மூடும்போதுதான் டிஸ்க்கில் எழுதும். நடுவில் கரண்ட் போனால் அன்று முழுவதும் செய்த சேவ் ஒன்றுமே இருக்காது. என் அக்கா மகள் ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து விளையாடி மூன்று முறை சேவ் செய்தாள். மாலை நாலு மணிக்குக் கரண்ட் போனது. வந்தபின் திறந்தால் வெள்ளிக்கிழமை நிலை. "மாமா, நான் சேவ் பண்ணினேன், சத்தியமா பண்ணினேன்" என்று அழுதாள். அவள் பண்ணியிருந்தாள்தான். தவறு அந்தக் கணினியை அமைத்துக் கொடுத்த என் மேல்.

செட்டிங்ஸ், சேவிங், சேவ்ரேம் ஓட்டோசேவ் இன்டர்வல். கேமுக்குள் செய்யும் சேவைத்தான் ரெட்ரோஆர்க் சேவ்ரேம் என்கிறது. ஓஃப் என்று இருந்தால் 10 செகண்ட் ஆக்குங்கள். இனி சேவில் மாற்றம் வந்தால் பத்து நொடிக்குள் டிஸ்க்குக்குப் போய்விடும். அந்த ஃபைல் சில கேபிதான், கணினிக்குப் பாரமே இல்லை.

செட்டிங்ஸுக்கும் இதே ஆபத்து உண்டு. ரெட்ரோஆர்க் செட்டிங்கை எழுதுவதும் மூடும்போதுதான். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பொத்தான்களை அமைத்துவிட்டு, கரண்ட் போய், எல்லாம் பழையபடி ஆன வீடுகள் உண்டு. மாற்றம் செய்து முடித்ததும் மெயின் மெனு, கொன்ஃபிகரேஷன் ஃபைல், சேவ் கரண்ட் கொன்ஃபிகரேஷன் (இந்த கரண்ட் மின்சாரம் அல்ல, 'இப்போதுள்ள' என்று அர்த்தம்).

ஸ்டேட் விரைவானது, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கோரை மாற்றினாலோ அப்டேட் செய்தாலோ பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். கேமுக்குள் செய்த சேவ் பெரும்பாலும் வேறு எமுலேட்டரிலும் திறக்கும். இன்னொரு பொறியும் உண்டு: பழைய ஸ்டேட்டை ஏற்றினால் அதற்குள் இருக்கும் பழைய சேவும் கூடவே வந்து புதியதன் மேல் உட்கார்ந்துவிடும். அதே சேவிங் பக்கத்தில் ஸ்டேட் ஏற்றும்போது சேவ்ரேமை மாற்றாதே என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை ஒன் செய்யுங்கள். மாதம் ஒரு முறை சேவ்ஸ், ஸ்டேட்ஸ் இரண்டு ஃபோல்டரையும் பென் டிரைவில் கொப்பி எடுங்கள்.

இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டருக்கு வரும் வயரையும் சேர்த்து. யூபிஎஸ் இருந்தாலும் கழற்றுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை, அமைத்த அன்றே செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம், ஹார்ட் டிஸ்க் கெடும். சேவ் வசதியுள்ள கேம் ஒன்றைத் திறந்து, உள்ளே சேவ் செய்து, இருபது நொடி பொறுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் ரெட்ரோஆர்க்கைத் தெரிந்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மூடச் சொல்லாமல் அடித்து நிறுத்துவது அது. கரண்ட் போவது போலத்தான். மறுபடி திறந்து கேமைப் போடுங்கள். சேவ் அப்படியே இருந்தால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கீபோர்டைக் கொடுக்கலாம். இல்லையென்றால் ஓட்டோசேவ் இன்டர்வலை மறுபடி போய்ப் பாருங்கள். பத்து என்று வைத்தபின் கொன்ஃபிகரேஷனைச் சேவ் செய்ய மறந்திருப்பீர்கள்.